யார் அளந்த தண்ணீர்? கோலார் தங்கவயலும் நீரை அறியும் உரிமையும்



மறைந்தவரைப் புகழ்ந்துவிட்டுக் கலைந்துபோவதற்காக நாம் இங்கே கூடுவதில்லை. அவர் விட்டுச்சென்ற கேள்விகளில் ஒன்றையாவது அடுத்த அடிக்கு நகர்த்துவதுதான் நினைவுச் சொற்பொழிவின் வேலை என்று இந்த அமைப்பு கருதிவந்திருக்கிறது. இன்று நாம் எடுத்துக்கொள்ளும் கேள்வி தண்ணீர் பற்றியது. தலித் வரலாற்றுக்குத் தண்ணீர் புதிய பொருள் கிடையாது. குளம், கிணறு, தெருக்குழாய், மேல்நிலைத் தொட்டி என்று ஒவ்வொன்றின் மேலும் நம் போராட்டத்தின் தடம் இருக்கிறது. அந்தப் போராட்டங்கள் பெரும்பாலும் தண்ணீரைத் தொடவும் மொள்ளவும் குடிக்கவுமான உரிமைக்காக நடந்தன. மொண்ட தண்ணீருக்குள் என்ன இருக்கிறது என்று அறியும் உரிமை இன்னும் நம் கைக்கு வரவில்லை. சுரங்கங்களைச் சுற்றி வாழும் மக்களுக்கு அந்த உரிமை உயிர் தொடர்பானது.

இதைப் பேச நாம் தேர்ந்துகொண்டிருக்கும் இடம் கோலார் தங்கவயல். கர்நாடகத்தில் இருந்தாலும் அது தமிழ்ப் பேசும் தலித்துகளின் உழைப்பால் எழுந்த ஊர். தமிழ் பவுத்தத்தின் தலைநகரங்களில் ஒன்று. நூற்றிருபது ஆண்டுகள் தங்கம் எடுத்த பிறகு அங்கே மிஞ்சியிருப்பவை மூடிய சுரங்கங்களும் சயனைடு மண்மேடுகளும் அவற்றைச் சுற்றிய லைன் வீடுகளும்தான்.

நூற்றெட்டுக் குடங்கள்

முதலில் மகாடுக்குப் போவோம். 1927 மார்ச் 20ஆம் நாள் பாபாசாகேப் அம்பேத்கர் தலைமையில் தீண்டப்படாத மக்கள் சவுதார் குளத்துக்குச் சென்று நீர் அருந்தினார்கள். அதன்பின் சாதி இந்துக்கள் செய்ததை நாம் மறக்கக்கூடாது. குளம் தீட்டாகிவிட்டது என்று சொல்லி, பஞ்சகவ்யம் நிறைத்த 108 குடங்களை அதில் கவிழ்த்து, மந்திரம் ஓதி, நீர் தூய்மையாகிவிட்டது என்று அறிவித்தார்கள். வழக்கு நீண்டது. 1937இல் பம்பாய் உயர்நீதிமன்றம் அம்பேத்கர் தரப்புக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

இந்த நிகழ்வைச் சமூகவியல் மாணவர்கள் இன்னொரு கோணத்திலும் படிக்கலாம். சாதிக்கு ஒரு நீர்ப் பரிசோதனை முறை இருந்தது. தொட்டவர் யார் என்பதே அதன் ஒரே அளவுகோல். சாணத்தைக் கரைத்த நீர் அதற்குத் தூய்மை. மனிதர் கை பட்ட நீர் அதற்குத் தீட்டு. நீருக்குள் உண்மையில் என்ன கலந்திருக்கிறது என்ற கேள்வி அந்த முறைக்குள் எழவே எழாது. இதே காலத்தில், இந்த நாட்டின் இன்னொரு மூலையில், உண்மையான நஞ்சைக் கொண்ட மண் தலித் குடியிருப்புகளின் ஓரத்தில் மலைமலையாகக் குவிந்துகொண்டிருந்தது. ஊரும் சேரியும் பிரிந்துகிடக்கும் சமூகத்தில் கழிவு எந்தப் பக்கம் போய்ச் சேரும் என்பதற்கு வரைபடம் தேவையில்லை.

மாரிக்குப்பத்துக் குழிகள்

கோலாரில் தங்கத்தைக் கண்டுபிடித்தவர்கள் என்று வெள்ளைக்காரர்களின் பெயர்களைப் பாடநூல்கள் சொல்லும். ஆனால் திப்பு வீழ்ந்த பிறகு மைசூரின் எல்லையை அளக்க வந்த ஜான் வாரன் 1802இல் மாரிக்குப்பம் பகுதியில் கண்டது, ஏற்கெனவே தங்கம் எடுத்துக்கொண்டிருந்த உள்ளூர் மக்களை. குழிகளுக்குள் இறங்கிக் கல்லை உடைத்து, பொடியாக்கி, தண்ணீரில் அலசிப் பொன்துகளைப் பிரித்த அந்த மக்களைப் பறையர் என்றே அவருடைய குறிப்பு சொல்கிறது. பொன்னுக்கும் தண்ணீருக்கும் தலித் உழைப்புக்கும் உள்ள தொடர்பு கம்பெனிக்கு முந்தையது.

1873இல் மைக்கேல் லவெல் என்ற அயர்லாந்துக்காரர் மைசூர் அரசிடம் சுரங்க உரிமை பெற்றார். 1880இல் லண்டனின் ஜான் டெய்லர் நிறுவனம் நுழைந்ததிலிருந்து பெருந்தொழில் தொடங்கியது. மைசூர், சாம்பியன் ரீப், உரிகம், நந்திதுர்க்கம் என்று சுரங்கங்கள் எழுந்தன. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து மக்கள் வந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பான்மையினர் ஆதிதிராவிடர்கள். பண்ணையாரின் வீட்டு வாசலில் கைகட்டி நின்றவர்களுக்குக் கூலி ரொக்கமாகக் கிடைக்கும் ஊர் ஒன்று தெரிந்தது. தட்டியால் கட்டிய லைன் குடிசைகளில் நெருக்கியடித்து வாழ்ந்தாலும், அங்கே ஆண்டையின் குரல் இல்லை.

அந்த விடுதலை வெளி எதையெல்லாம் உண்டாக்கியது என்பது இந்த அவைக்குத் தெரியும். அயோத்திதாசப் பண்டிதரின் பவுத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை அமைந்தது. 1907இல் சென்னையில் அவர் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழ் தங்கவயல் லைன்களில் கூடி வாசிக்கப்பட்டது. 1914இல் அவர் மறைந்த பிறகு, சாம்பியன் ரீப்பில் இயங்கிய சித்தார்த்தா புத்தகசாலை அவருடைய எழுத்துகளை நூல்களாக அச்சிட்டது. 1926இல் ஜி. அப்பாதுரையார் ‘தமிழ’னைத் தங்கவயலிலிருந்தே மீண்டும் கொண்டுவந்தார். பாதாளத்தில் பாறையைத் துளைத்துவிட்டு மேலே வந்த உழைப்பாளிகளின் காசில்தான் நம்முடைய நவீன அறிவு மரபு அச்சேறியது. எனவே அந்த ஊரின் தண்ணீர் நமக்கு அயலூர்ச் செய்தியாக இருக்க முடியாது.

பொன்னைக் கரைக்கும் நீர்

தங்கம் பாறைக்குள் கட்டியாக இருப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத துகள்களாகக் கல்லுக்குள் சிதறிக் கிடக்கும். தொடக்கக் காலத்தில் தாதுக்கல்லை இடித்துக் குழம்பாக்கி, பாதரசம் பூசிய செப்புத் தகடுகளின் மேல் ஓடவிட்டார்கள். பாதரசம் பொன்னைப் பற்றிக்கொண்டது. பற்றாமல் தப்பியது மணலோடு போனது. 1887இல் ஸ்காட்லாந்தில் உருவான சயனைடு முறை இதை மாற்றியது. 1890களில் அது கோலாருக்கும் வந்தது. நீரில் கரைத்த சயனைடு, மணலுக்குள் ஒளிந்திருக்கும் பொன்னையும் கரைத்து வெளியே கொண்டுவரும். பிறகு துத்தநாகத்தைக் கொண்டு அந்தக் கரைசலிலிருந்து பொன்னை மீட்பார்கள்.

இந்த வேலை முழுவதுக்கும் அடிப்படை தண்ணீர்தான். இடிக்கத் தண்ணீர், அலசத் தண்ணீர், கரைக்கத் தண்ணீர், கழிவைக் கொண்டுபோய்க் கொட்டத் தண்ணீர். மழை குறைந்த கோலார் மேட்டில் இவ்வளவு நீர் கிடையாது. பாலாற்றின் மேல்பகுதியில் இருக்கும் பேத்தமங்கலம் ஏரியிலிருந்து குழாய் வழியாகத் தங்கவயலுக்கு நீர் ஏற்றப்பட்டது. வட ஆர்க்காட்டில் பாலாற்றின் கரையிலிருந்து புறப்பட்டுச் சென்ற மக்கள், அதே ஆற்றின் தலைப்பகுதி நீரால் பொன்னைக் கரைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு டன் கல்லிலிருந்து கிடைக்கும் பொன் கிராம் கணக்கில்தான் வரும். மீதியெல்லாம் கழிவு. மொத்தத்தில் 800 டன்னுக்கு மேல் தங்கம் கொடுத்த அந்த வயலில் இன்று கிடக்கும் கழிவு மண் 3 கோடி டன்னுக்கும் அதிகம். ‘சயனைடு மலை’ என்று மக்கள் அழைக்கும் அந்த மேடுகள், தூரத்திலிருந்து பார்ப்பவருக்குப் பாலைவனத்துக் குன்றுகள்போல் அழகாகத் தெரியும். சினிமாக்காரர்கள் வந்து படமெடுப்பார்கள். காற்றடிக்கும் மாதங்களில் அந்த மாவு மண் லைன் வீடுகளின் சோற்றுப் பானைக்குள் வந்து விழும். மழைக்காலத்தில் மேடுகளைக் கீறிக்கொண்டு ஓடும் தண்ணீர், மண்ணையும் உப்பையும் சுமந்து ஓடைக்கும் ஏரிக்கும் போகும். கொஞ்சம் உள்ளே இறங்கி நிலத்தடிக்குப் போகும்.

எல்லாவற்றையும் அளந்த கம்பெனி

தங்கவயலில் அளக்கும் திறனுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. ஒவ்வொரு டன் தாதுவிலும் எத்தனை பொன் என்று கம்பெனி நாள்தோறும் சோதித்தது. ஷாப்டு ஒவ்வொன்றின் ஆழமும் அடிக்கணக்கில் பதிவாயிற்று. சாம்பியன் ரீப் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் 60 டிகிரி செல்சியசைத் தாண்டும் பாறையின் சூட்டை அளந்தார்கள். பாறை வெடிப்புகளைப் பதியக் கருவிகள் வைத்தார்கள். வேலை முடிந்து மேலே வருகிற ஒவ்வொரு உடலையும் சோதித்தார்கள். 1930இல் தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவுசெய்யக் கம்பெனி முனைந்தபோது, தங்களைக் குற்றவாளிகளாக நடத்துவதாகச் சொல்லி மக்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். தங்கவயலின் பெரும் போராட்டங்களில் அது ஒன்று.

1965இல் இன்னொரு அளவீடு நடந்தது. அண்டவெளிக் கதிர்களால் வளிமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோ என்ற துகளின் தடத்தை உலகில் முதன்முதலாகப் பிடித்த ஆய்வுகளில் ஒன்று சாம்பியன் ரீப் சுரங்கத்தின் ஆழத்தில் நடந்தது. எதையும் ஊடுருவிச் செல்லும் அந்தத் துகளைப் பிடிக்க, கருவிகளைப் பாதாளத்துக்கு இறக்க வேண்டியிருந்தது. அந்தப் பாதாளத்தை வெட்டியவர்கள் நம் மக்கள். அறிவியல் வரலாற்றில் அது பெருமைக்குரிய பக்கம், நாமும் பெருமைப்படுகிறோம்.

அதனால்தான் கேட்கிறோம். கல்லுக்குள் இருக்கும் பொன்னை, பாறைக்குள் இருக்கும் அழுத்தத்தை, தொழிலாளியின் விரல் நுனியில் இருக்கும் ரேகையை, வானத்திலிருந்து வரும் துகளை அளக்க முடிந்த ஓர் இடத்தில், கழிவு மேட்டின் அடிவாரத்துக் கிணற்றை அளக்கும் பொறுப்பு மட்டும் ஏன் யாருடைய வேலையாகவும் இருக்கவில்லை? கருவி இல்லாததால் என்று சொல்ல முடியாது. எதை அளப்பது என்பதை முதலாளியின் லாபமும் அரசின் அக்கறையும் முடிவு செய்கின்றன. கிணற்றைச் சுற்றி இருந்தவர்களுக்கு அந்த முடிவில் குரல் இல்லை. நீர் மாசைத் தடுக்க இந்தியாவில் ஒரு முழுமையான சட்டம் 1974இல்தான் வந்தது. அதற்குள் தங்கவயலின் கழிவு மேடுகளுக்குப் பல தலைமுறை வயதாகிவிட்டது.

நாக்கும் கருவியும்

நம் பெண்களுக்குத் தண்ணீரை அளக்கத் தெரியும். பருப்பு வேகவில்லை, சோப்பு நுரைக்கவில்லை, அலுமினியப் பாத்திரத்தில் வெள்ளை படிகிறது என்றால் அந்தத் தண்ணீர் கடினநீர். சவர்த் தண்ணீரை நாக்கு சொல்லிவிடும். துரு வாடையும் மஞ்சள் கறையும் இரும்பைக் காட்டிக்கொடுக்கும். தலைமுறை தலைமுறையாகத் தூரத்திலிருந்து தண்ணீர் சுமந்தவர்களின் அறிவு இது. இதை மதிக்காத எந்த ஆய்வும் பாதி ஆய்வுதான்.

ஆனால் சுரங்க நீரில் உள்ள மிகப் பெரிய ஆபத்துகள் நாக்குக்குத் தெரியாதவை. ஆர்சனிக்குக்குச் சுவையில்லை, நிறமில்லை. குடிநீரில் அது லிட்டருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். சயனைடுக்கு வரம்பு 0.05 மில்லிகிராம். ஒரு குடம் தண்ணீருக்குள் உப்புக்கல்லின் ஒரு துணுக்கைவிடச் சிறிய அளவு அது. இங்கே உடலை நம்பினால், நோய் வந்த பிறகுதான் செய்தி வரும். 2022இன் கடைசியில் புதுக்கோட்டை வேங்கைவயலில், தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது தெரியவந்ததும் அப்படித்தான்: குழந்தைகள் நோயுற்ற பிறகு. நம் குழந்தைகளின் குடல் இந்த நாட்டின் நீர்ப் பரிசோதனைக் கருவியாக இருப்பதை நாம் இனியும் ஏற்க முடியாது.

எனவே கருவியின் மொழியை நாம் கற்றுக்கொள்ள வேண்டும். சுரங்கத்தைச் சுற்றி நீரைக் கண்காணிப்பது என்றால் என்ன? யாரோ ஒருவர் ஒருநாள் வந்து நாலு பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் போவது கண்காணிப்பு ஆகாது. அதற்குச் சில விதிகள் உண்டு.

முதலாவது, ஒப்பீடு. கழிவு மேட்டுக்கு மேல்புறத்தில் ஒரு கிணறு, கீழ்ப்புறத்தில் சில கிணறுகள். ஓடை மேட்டை அடையும் முன் ஓரிடம், கடந்த பின் ஓரிடம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் சுரங்கத்தின் பங்கைச் சொல்லும். கோலார் மாவட்டத்தின் நிலத்தடி நீரில் இயற்கையாகவே புளோரைடு உண்டு. மேல்புறக் கிணற்றை அளக்காவிட்டால், எல்லாமே இயற்கைதான் என்று சொல்லிக் கைகழுவ வழி கிடைத்துவிடும்.

இரண்டாவது, காலம். கோடையில் நீர்மட்டம் இறங்கி உப்பு செறியும். முதல் மழையில் மேட்டு மண் கரைந்து ஓடைக்கு வரும். பெருமழைக்குப் பின் எல்லாம் நீர்த்துப்போகும். எந்த மாதத்தில் அளக்கிறோம் என்பது எந்த விடை வேண்டும் என்பதைப் பொறுத்து மாறிவிடக்கூடாது. இன்று சுற்றுச்சூழல் அனுமதி பெறும் சுரங்கங்களுக்கு ஆண்டுக்கு நான்குமுறை அளக்கும் நிபந்தனை வழக்கமாக விதிக்கப்படுகிறது: கோடையில், மழைக்காலத்தில், மழைக்குப் பின், குளிர்காலத்தில்.

மூன்றாவது, நிலத்தின் அமைப்பு. கோலார் கெட்டிப்பாறை நிலம். அங்கே நிலத்தடி நீர் மணலில் பரவுவதுபோல் சீராகப் பரவாது; பாறையின் வெடிப்புகள் வழியாக ஓடும். ஒரு கிணறு நன்றாக இருக்க, நூறு அடி தள்ளி இன்னொன்று கெட்டுப்போகலாம். அதோடு, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளும் சுரங்கப் பாதைகள் அந்தப் பாறைக்குள் இருக்கின்றன. சுரங்கம் ஓடும்வரை பம்புகள் நீரை வெளியேற்றும். பம்பு நின்றால் நீர் ஏறிப் பழைய குகைகளை நிரப்பும். கந்தகக் கனிமங்கள் உள்ள பாறையைக் காற்றும் நீரும் சேர்ந்து தொட்டால் அமிலம் பிறக்கும். அமிலம் உலோகங்களைக் கரைக்கும். ஆகவே சுரங்கத்தை மூடுவதோடு கண்காணிப்பு முடிவதில்லை. சில கேள்விகள் அப்போதுதான் தொடங்குகின்றன.

நான்காவது, மாதிரி எடுக்கும் ஒழுங்கு. சயனைடைச் சோதிக்க எடுத்த நீரில் உடனே காரம் சேர்த்து, வெயில் படாமல், குளிரில் வைத்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இல்லாவிட்டால் அது வாயுவாகி வெளியேறிவிடும். பாட்டிலைத் திறக்கும் நேரத்தில் நஞ்சு இருக்காது. காகிதத்தில் ‘கண்டறியப்படவில்லை’ என்று வரும். கவனமின்மையே ஒரு சான்றிதழாகிவிடும். இன்னொன்றும் உண்டு. வெயில் பட்டால் சயனைடு சிதையும் என்பது உண்மை. ஆனால் இரும்போடு பிணைந்த சயனைடு நெடுங்காலம் தாங்கும். ஆகவே எந்த வகைச் சயனைடைச் சோதித்தார்கள் என்று கேட்காமல் ‘சயனைடு இல்லை’ என்ற வரியை ஏற்கக்கூடாது.

பிந்தி வந்த சட்டங்கள்

இப்போது சட்டத்தைப் பார்ப்போம். 1880இல் தொழில் தொடங்குகிறது. சுரங்கங்கள் 1956இல் மைசூர் அரசின் கைக்கும், 1962இல் ஒன்றிய அரசின் கைக்கும் வருகின்றன. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் பொதுத்துறை நிறுவனம் உருவாகிறது. தண்ணீர்ச் சட்டம் 1974. திட்டங்கள் தொடங்கும் முன் சுற்றுச்சூழல் பாதிப்பை மதிப்பிட வேண்டும் என்ற அறிவிக்கை 1994. அது புதிய திட்டங்களுக்கும் விரிவாக்கத்துக்கும்தான். 2001 பிப்ரவரி 28ஆம் நாள் தங்கவயல் மூடப்படுகிறது. சுரங்கத்தை மூடுபவர்கள் மூடல் திட்டம் ஒன்றை வகுத்து, நிலத்தையும் நீரையும் என்ன செய்வோம் என்று எழுதித்தர வேண்டும் என்ற விதி 2003 ஏப்ரலில் வருகிறது. இரண்டு ஆண்டு தாமதம். ஒவ்வொரு சட்டமும் தங்கவயலைக் கடந்துபோன ரயிலின் கடைசிப் பெட்டியைத்தான் பார்த்தது.

தாமதம் ஒரு பக்கம். சட்டத்துக்குள்ளேயே ஒரு சாவி இருக்கிறது. அது நம் கையில் இல்லை. தண்ணீர்ச் சட்டத்தின் 21ஆம் பிரிவைச் சட்ட மாணவர்கள் கூர்ந்து படிக்க வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அதிகாரி, இடத்தின் பொறுப்பாளருக்கு அறிவிப்பு கொடுத்து, அவர் முன்னிலையில் மாதிரியைப் பிரித்து, முத்திரையிட்டு அனுப்ப வேண்டும். அந்த நடைமுறை வழி வராத சோதனை முடிவு அந்தச் சட்டத்தின்படி நடக்கும் வழக்கில் சாட்சியமாகாது. மாதிரி எடுப்பதில் ஒழுங்கு வேண்டும் என்பது நியாயம்தான். ஆனால் விளைவைப் பாருங்கள்: தினமும் அந்த நீரைக் குடிப்பவர் பிடித்துவந்த பாட்டிலுக்கு மதிப்பில்லை. மாசுபடுத்தியதாகச் சொல்லப்படுபவருக்கு முன்னறிவிப்பு உண்டு.

அனுமதி பெற்ற சுரங்கங்களில் என்ன நடக்கிறது? நீரை அளக்கும் பொறுப்பு சுரங்க நிறுவனத்துக்கே தரப்படுகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டியதும் அதுவே. ஆய்வகத்துக்குக் கூலி தருவதும் அதுவே. அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். கிணற்றின் சொந்தக்காரருக்குத் தன் கிணற்றின் எண் என்ன என்றுகூடத் தெரியாது.

1991இல் உச்சநீதிமன்றம் சுபாஷ் குமார் வழக்கில் ஒரு முக்கியமான வரியை எழுதியது. மாசற்ற நீரும் காற்றும் பெறும் உரிமை, அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றது. அன்றிலிருந்து நம் மனுக்களிலெல்லாம் அந்தத் தீர்ப்பு மேற்கோளாகிறது. அந்த வழக்கே நிலக்கரிச் சுரங்கக் கழிவு பொகாரோ ஆற்றில் கலப்பது பற்றியது என்பதும், மனுதாரருக்குச் சொந்த நலன் இருப்பதாகச் சொல்லி மனு தள்ளுபடியானது என்பதும் நம்மில் பலருக்குத் தெரியாது. உரிமை ஏட்டில் ஏறியது. ஆற்றுக்குத் தீர்வு கிடைக்கவில்லை.

பாலாறு தந்த தீர்ப்பு

நம்பிக்கை தரும் ஒரு திருப்பமும் பாலாற்றிலிருந்துதான் வந்தது. பேத்தமங்கலத்தைக் கடந்து, ஆந்திர எல்லை வழியாகத் தமிழகத்துக்குள் நுழையும் அந்த ஆறு வாணியம்பாடி, ஆம்பூர் தோல் தொழிற்சாலைகளின் கழிவைச் சுமந்தது. தோலைப் பதப்படுத்தும் தொட்டிக்குள் இறங்கி உழைத்தவர்களிலும் நம் மக்கள் பெரும்பகுதி. 1996 ஆகஸ்டில் வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்றது. அதைவிடப் பெரிய செய்தி இன்னொன்று: தன் செயல் சுற்றுச்சூழலுக்குக் கேடற்றது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு தொழில் நடத்துபவருடையது என்றது.

இதன் பொருளை நாம் முழுதாக எடுத்துக்கொள்ள வேண்டும். நஞ்சு இருக்கிறது என்று சேரிதான் நிறுவ வேண்டும் என்ற பழைய வழக்கம் அந்தத் தீர்ப்போடு சட்டப்படி கவிழ்ந்துவிட்டது. நஞ்சு இல்லை என்று நிறுவ வேண்டியவர் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறார். தீண்டாமைக்கு எதிரான போராட்டத்திலும் நம் வாதம் இதுவேதான். நாங்கள் தூய்மையானவர்கள் என்று நாம் யாரிடமும் மெய்ப்பித்துக்காட்ட மறுத்தோம்.

அதே ஊரில் ஒரு முன்னுதாரணம்

அறிவியலும் சட்டமும் எட்டாத உயரத்தில் இருக்கின்றன என்று இளைஞர்கள் சோர்ந்துபோக வேண்டியதில்லை. தங்கவயலிலேயே நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. அந்த ஊரின் லைன்களில் உலர் கழிப்பிடங்கள் இருந்தன. மனிதக் கையால் மலம் அள்ளும் கொடுமை, 1993ஆம் ஆண்டின் தடைச் சட்டத்துக்குப் பிறகும் அங்கே நீடித்தது. தங்கவயலில் துப்புரவுத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த பெசவாடா வில்சன் என்ன செய்தார்? கழிப்பிடங்களைப் படமெடுத்தார். எண்ணினார். எங்கே, எத்தனை, யார் அள்ளுகிறார்கள் என்று எழுதினார். அப்படி எதுவும் இல்லை என்ற அதிகார வாய்க்கு முன் அந்த ஆதாரத்தை வைத்தார். அந்த முறை சஃபாய் கரம்சாரி ஆந்தோலனாக நாடு முழுவதும் பரவியது. 2003இல் உச்சநீதிமன்றத்துக்குப் போன அந்த வழக்கில் 2014 மார்ச்சில் தீர்ப்பு வந்தது.

கோலாரின் நீருக்கும் கோலாரின் மலத்துக்கும் உள்ள தொடர்பு வெறும் உவமை இல்லை. உலர் கழிப்பிடமும் மூடாத சாக்கடையும் உள்ள குடியிருப்பில் நிலத்தடி நீரில் நைட்ரேட்டும் கிருமியும் சேரும். சுரங்கக் கழிவும் சாதிக் கழிவும் ஒரே கிணற்றில் சந்திக்கின்றன. ஒன்றை மட்டும் அளப்பவர் பாதி உண்மையைத்தான் காண்பார்.

நம் கையில் ஓர் ஏடு

முடிவாக, செய்ய முடிகிற சிலவற்றைச் சொல்கிறோம். தங்கவயலுக்கு மட்டும் அல்ல. சுரங்கமும் குவாரியும் இருக்கிற எந்தச் சேரிக்கும் இவை பொருந்தும்.

ஒவ்வொரு குடியிருப்பிலும் நீர் எடுக்கும் இடங்களை, ஆழ்துளைக் கிணறு, திறந்த கிணறு, ஓடை, ஏரி என்று வரிசையாக எண்ணிட்டு எழுதுவோம். மேல்புறம் எது, கீழ்ப்புறம் எது என்று குறிப்போம். கார அமிலத் தன்மையையும் கரைந்த உப்பையும் அளக்கும் கைக்கருவிகள் இன்று நம் கைக்கு எட்டும் விலையில் கிடைக்கின்றன. ஒரு கல்லூரி மாணவர் ஒரு நாளில் கற்றுக்கொள்ளலாம். அவை ஆர்சனிக்கைக் காட்டாது. ஆனால் எந்தக் கிணறு திடீரென மாறுகிறது, எங்கே பெரிய சோதனை தேவை என்பதைக் காட்டிவிடும். அந்தக் கிணறுகளின் நீரை மட்டும் முறைப்படி எடுத்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்புவோம். ஆண்டுக்கு நான்கு முறை, அதே இடத்தில், அதே முறையில்.

நீர் சுமக்கும் பெண்கள் சொல்வதை அதே ஏட்டில் எண்களுக்குப் பக்கத்தில் எழுதுவோம். எந்த ஆண்டிலிருந்து பருப்பு வேகவில்லை, எந்த மழைக்குப் பின் மாடு அந்த ஓடையில் வாய் வைக்கவில்லை என்பதும் தரவுதான்.

2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தைக் காகிதம் கேட்கும் சட்டமாகவே பயன்படுத்தியிருக்கிறோம். அதன் 2ஆம் பிரிவு, பணிகளையும் ஆவணங்களையும் நேரில் பார்வையிடும் உரிமையோடு, பொருள்களின் சான்றளிக்கப்பட்ட மாதிரிகளைப் பெறும் உரிமையையும் தருகிறது. இதைக் கொண்டு நிறுவனங்கள் அரசிடம் தந்த நீர் அறிக்கைகளைக் கேட்டு வாங்கித் தமிழில், கன்னடத்தில், தெலுங்கில் எழுதிச் சங்கக் கட்டடத்தின் சுவரில் ஒட்டுவோம். ஒரு காலத்தில் ‘தமிழன்’ இதழைக் கூடி வாசித்ததுபோல், நம் கிணற்றின் கணக்கையும் கூடி வாசிப்போம்.

மகாடில் நம் முன்னோர் நீரில் கைவைத்தபோது, அதை யார் தொடலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தைச் சாதியிடமிருந்து பறித்தார்கள். அந்த நீரில் என்ன இருக்கிறது என்று தீர்மானிக்கும் அதிகாரம் இன்னும் கம்பெனியின் கோப்பிலும் அரசின் அலமாரியிலும் இருக்கிறது. அதையும் எடுத்துவருவது இந்தத் தலைமுறையின் வேலை. தங்கவயலின் ஏடுகள் நம் மக்கள் எடுத்துக்கொடுத்த பொன்னைக் கிராம் பிசகாமல் எழுதிவைத்திருக்கின்றன. அவர்களின் பேரப்பிள்ளைகள் குடிக்கும் நீரையும் அதே துல்லியத்தோடு எழுதும் ஏடு நமக்கு வேண்டும். அதை எழுதும் கை நம்முடையதாக இருக்க வேண்டும்.

ஜெய்பீம்.